சுண்ணாம்பு தொட்ட விரல்

ஜூஸ் ஃபேக்டரிக்கு முன்னால் டிராக்டர்கள் வரிசை கட்டி நின்று மூன்று நாளாகிவிட்டது. ஜூஸ் ஃபேக்டரி என்று சித்தூர்ப் பக்கம் சொல்வதோடு சரி, உள்ளே ஜூஸும் கிடையாது ஒன்றும் கிடையாது. தோத்தாபுரி மாம்பழத்தை அரைத்துக் கூழாக்கி டின்னில் அடைத்து எங்கெங்கோ அனுப்புகிறார்கள். கேட்டில் ஆரம்பித்த வரிசை பெட்ரோல் பங்கைத் தாண்டி, கல்யாண மண்டபத்தைத் தாண்டி, ரோட்டோரப் பெட்டிக்கடை வரைக்கும் நீண்டுகிடந்தது. ஞானசிங்கின் டிராக்டர் முதல் நாள் பெட்டிக்கடைக்கு நேராக இருந்தது. இப்போது கல்யாண மண்டபத்துக்கு நேர். இந்த முன்னேற்றத்தை அவன் வீட்டுக்குப் போன் போட்டுப் பெருமையாகச் சொன்னான் என்றால் மனுஷன் இருந்த நிலைமையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஜூன் மாதம் பிறந்தும் வெயில் தணியவில்லை. டிரெய்லரில் நாலு டன் காய். மேலே மாவிலையைப் பரப்பி, ஈரச் சாக்கைப் போட்டு, ரெண்டு மணிக்கொரு தரம் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தான். வண்டியை விட்டு ஓரடி நகர முடியாது. முன்னால் நிற்கிறவன் நகர்ந்த உடனே நகராவிட்டால் பின்னால் நிற்கிறவன் பூந்துவிடுவான், அப்புறம் அடிதடிதான். சாப்பாடு, தூக்கம், பல் விளக்குவது எல்லாமே டிரெய்லருக்கு அடியில்தான் நடந்தது.

பின்னால் நின்றிருந்த கிருஷ்ணப்பா மட்டும் அப்படிப் பூந்துவிடுகிற ஆசாமி இல்லை. பங்காருபாளையம் பக்கத்துத் தெலுங்குக்காரர், அறுபது வயது, வாயில் எந்நேரமும் வெற்றிலை. மூன்று நாளில் ரெண்டு பேரும் சொந்தக்காரர்கள் மாதிரி ஆகிவிட்டார்கள். ஒருவர் குளிக்கப் போனால் மற்றவர் ரெண்டு வண்டியையும் பார்த்துக்கொள்வது என்று ஏற்பாடு.

மத்தியானம் ஷேர் ஆட்டோவில் அவன் மனைவி பிளெஸ்ஸி வந்து இறங்கினாள். ஒரு கையில் தூக்குச்சட்டி, இடுப்பில் குழந்தை. தூக்குச்சட்டியில் கேழ்வரகுக் களியும் வேர்க்கடலைத் துவையலும் இருக்கும் என்று ஞானசிங்குக்குத் தெரியும். அவன் பார்த்தது குழந்தையைத்தான். எட்டு மாதம். செத்துப்போன தன் அம்மாவின் பேரையே ஜெபமணி என்று வைத்திருந்தான். அத்தனை சின்னதுக்கு அது பெரிய பேராக இருக்கிறது என்று சபையில் எல்லோரும் மணி என்றே கூப்பிட்டார்கள்.

அவனுக்கும் மணிக்கும் ஒரு விளையாட்டு உண்டு. கீழே ரெண்டு பல் வந்ததிலிருந்து நடக்கிறது. சாயந்தரம் தோப்பிலிருந்து வந்து கையைக் கழுவிக்கொண்டு, வலது ஆள்காட்டி விரலை அதன் வாய்க்கு நேராக நீட்டுவான். அது வாயை ஆவென்று திறந்து, விரலைக் கவ்வி, நறுக்கென்று ஒரு கடி கடிக்கும். அவன் ‘யப்பா’ என்று கையை உதறிக்கொண்டு துள்ளுவான். குழந்தை சிரித்துச் சிரித்து விக்கல் எடுக்கும். இந்தக் கூத்துக்காகவே அவன் சீக்கிரம் வீடு திரும்புகிறான் என்று பிளெஸ்ஸி கேலி செய்வாள்.

அன்றைக்கும் விரலை நீட்டினான். பிளெஸ்ஸி தடுத்துவிட்டாள்.

“கடிக்கிற ஆட்டம் அப்பறம் வெச்சிக்கோ மாமா. மொதல்ல இத பாரு. காத்தால மூஞ்சி தொடைக்க சொல்ல பாத்தேன். எனக்கு கையும் ஓடல காலும் ஓடல.”

மேல் உதட்டை மெல்லத் தூக்கிக் காட்டினாள். மேல் ஈறில், நடுவுக்குச் சற்றுத் தள்ளி, ஊறவைத்த கடலைப்பருப்பு அளவுக்கு ஒரு கொப்புளம். நிறம்தான் பயங்கரம். சுத்தியல் அடிபட்ட நகம் போலக் கருநீலமாக இருந்தது. குழந்தைக்கு வலி இருந்ததாகத் தெரியவில்லை. உதட்டைத் தூக்கிய அம்மாவின் கையைப் பிடித்துக் கடிக்கப் பார்த்தது.

“எங்க சித்தப்பாவுக்கும் வாயில இப்டிதான மாமா சின்னதா வந்திச்சி” என்றாள் பிளெஸ்ஸி. அந்தச் சித்தப்பா புகையிலை போடுகிறவர். வாயில் புண் என்று வேலூருக்குப் போனவர், திரும்பி வந்தது பெட்டியில். வியாதியின் பேரை அவள் சொல்லவில்லை. சொன்னால் வந்துவிடும் என்று பயம்.

ஞானசிங்குக்கு அந்தப் பயம் வரவில்லை. அவனுக்கு வேறு பயம் வந்தது. இது தன் கையால் வந்த வினை என்று பார்த்த மாத்திரத்திலேயே முடிவு கட்டிவிட்டான்.

நடந்தது இதுதான். போன வியாழக்கிழமை தோப்பில் காய் பறிப்பு. பிளெஸ்ஸி சபையில் பெண்கள் ஜெபக் கூட்டத்துக்குப் போயிருந்தாள். மணி மரத்தடித் தூளியில் கிடந்தது. பல் ஊறல் எடுத்து, கைக்குக் கிடைத்ததையெல்லாம் கடித்துக்கொண்டிருந்தது. துண்டைக் கடித்தது, டிராக்டர் சாவியைக் கடித்தது, அதுவும் போதாமல் சிணுங்கியது. பாவமாக இருந்தது அவனுக்கு. பறித்துப் போட்ட காயில் செங்காயாக ஒன்றைப் பார்த்து எடுத்து, கத்தியை லுங்கியில் துடைத்து, தோலோடு ஒரு துண்டு வெட்டி அதன் கையில் கொடுத்தான். குழந்தை சப்பிய சப்பில் ஊறல் எல்லாம் மறந்துபோனது.

சாயந்தரம் தாடையில் சிவப்புச் சிவப்பாகத் தடித்திருந்தது. அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. காம்பு ஒடிந்தவுடன் காயிலிருந்து பீறிடுகிற பாலைச் சொனை என்பார்கள். பட்ட இடம் வெந்து கறுத்துவிடும். அவன் முன்னங்கை முழுக்க அந்தக் கறுப்புத் தழும்புதான். காயைக் கவிழ்த்துப் போட்டுச் சொனை வடிந்த பிறகுதான் தொட வேண்டும் என்று கூலியாட்களுக்கு வருஷா வருஷம் பாடம் எடுக்கிறவன், தன் பிள்ளைக்கு வடியாத காயைக் கொடுத்திருக்கிறான். தேங்காய் எண்ணெயைத் தடவி, வேர்க்குரு என்று பிளெஸ்ஸியிடம் சொல்லிவிட்டான். ரெண்டு நாளில் சிவப்பும் மறைந்தது. அதோடு விட்டது என்று நினைத்திருந்தான்.

விடவில்லை. தோல் வெளியே கறுத்தால் ஈறு உள்ளே கறுக்காதா? கணக்கு அவனுக்குச் சரியாகவே இருந்தது.

பிளெஸ்ஸி இப்போதே ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றாள். லோடு இறங்கட்டும் என்றான் அவன். லோடு எப்போது இறங்கும் என்றாள். அது அந்த ஃபேக்டரிக்காரனுக்கே தெரியாது. அவள் டிரெய்லர் நிழலில் உட்கார்ந்து குழந்தைக்குப் பால் கொடுத்தாள். நன்றாகவே குடித்தது. அப்புறம் அதை அவன் மடியில் போட்டுவிட்டு, துணி அலச வாட்ச்மேன் அறைக் குழாய்க்குப் போனாள்.

அவள் போய் வர எத்தனை நேரம் ஆகியிருக்கும், பத்து நிமிஷம். அந்தப் பத்து நிமிஷத்தில் மனுஷன் காரியத்தைக் கெடுத்தான்.

கல்யாணத்துக்கு முன்னால் நாலு சீசன் அவன் ஏற்றுமதி பேக்கிங் ஷெட்டில் வேலை பார்த்தவன். வெளிநாட்டுக்குப் போகிற பங்கனப்பள்ளிப் பழத்தின் தோலில் ஒரு பொட்டுக் கறுப்பு இருக்கக்கூடாது. அதனால் காம்பைக் கிள்ளியதும் சுண்ணாம்புத் தண்ணீர்த் தொட்டியில் முக்கி எடுப்பார்கள். சொனை எல்லாம் தொட்டியில் தங்கிவிடும், பழம் பளிச்சென்று வெளியே வரும். வேலை செய்கிறவர்களும் கையில் சொனை தெறித்தால் அதே தொட்டியில் முக்கிக்கொள்வார்கள். சொனைக்குச் சுண்ணாம்பு என்பது அவன் மண்டையில் அப்படி ஏறி உட்கார்ந்திருந்தது.

கிருஷ்ணப்பா வண்டியில் சாய்ந்து கண்ணயர்ந்திருந்தார். அவருடைய வெற்றிலைப் பை பக்கத்திலேயே இருந்தது. ஞானசிங் அதிலிருந்த டப்பியைத் திறந்து ஒரு சிட்டிகை சுண்ணாம்பு எடுத்து, தூக்குச்சட்டி மூடியில் நாலு சொட்டுத் தண்ணீர் விட்டுக் குழைத்தான். கொஞ்சமாகத்தான் எடுத்தேன் என்று பிற்பாடு எத்தனையோ தரம் தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். ஆள்காட்டி விரலில் தொட்டு, குழந்தையின் வாய்க்கு நேரே நீட்டினான்.

விளையாட்டு என்று நினைத்து மணி வாயை ஆவென்று திறந்தது.

கொப்புளத்தின் மேலும் சுற்றியும் தடவினான். ஒரு நொடி ஒன்றுமில்லை. அப்புறம் குழந்தை வீரிட்டது பாருங்கள், முன்னால் நாலு வண்டிக்காரர்கள் இறங்கி வந்து பார்த்தார்கள். பயந்துபோய்த் துண்டை நனைத்துத் துடைத்தான். துடைக்கத் துடைக்க அழுகை ஏறியது. பிளெஸ்ஸி ஈரத்துணியோடு ஓடி வந்தாள்.

“இன்னா மாமா ஆச்சி?”

“ஒண்ணுமில்ல. மூஞ்சி தொடச்சேன். அதுக்கே இந்த அழுவாச்சி.”

அதற்கப்புறம் மணி பால் குடிக்கவில்லை. மார்பில் வாய் வைக்கும், சுருக்கென்று இழுத்துக்கொள்ளும், அழும். எச்சில் நூலாக வடிந்தது. சாயந்தரம் உடம்பும் சுட்டது. சித்தூரிலேயே குழந்தை டாக்டர் ஒருவரிடம் ஓடினார்கள். அவர் டார்ச் அடித்துப் பார்க்கக்கூட அது விடவில்லை. காய்ச்சலுக்கு சிரப் கொடுத்து, திருப்பதியில் பல் ஆஸ்பத்திரியில் பிள்ளைகளுக்கென்றே டாக்டர்கள் இருக்கிறார்கள், காலையில் முதல் வேலையாக அங்கே போங்கள் என்று சீட்டு எழுதிக் கொடுத்தார்.

டிராக்டரை என்ன செய்வது என்று ஞானசிங் கையைப் பிசைந்தபோது கிருஷ்ணப்பா அவன் தோளைத் தட்டி, ரெண்டு வண்டியையும் தான் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். “நுவ்வு போ நைனா. ரெண்டு பண்டியும் நேனு சூஸ்குண்டா. மாங்கா எங்கியும் போவாது. பாப்பாவ பாரு.” தன் டப்பியிலிருந்த சுண்ணாம்புதான் இத்தனைக்கும் காரணம் என்று அந்த மனுஷனுக்குத் தெரியாது.

விடிந்ததும் திருப்பதி பஸ். மொட்டைத் தலைகளும் கோவிந்தா சத்தமுமாக ஒரு குடும்பம் முன் சீட்டுகளை அடைத்திருந்தது. பிளெஸ்ஸி ஜன்னலோரம் உட்கார்ந்து, பாலைப் பீய்ச்சி எடுத்து வந்த கிண்ணத்திலிருந்து கரண்டியால் சொட்டுச் சொட்டாக விட்டாள். பாதி உள்ளே போனது, பாதி கழுத்தில் வழிந்தது. அவள் உதடு அசைந்துகொண்டே இருந்தது. ஜெபம் பண்ணுகிறாள் என்று அவனுக்குத் தெரியும்.

சொல்லிவிட வேண்டும் என்றுதான் அவனும் நினைத்தான். பாகாலாவில் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தான், கண்டக்டர் வந்தார். சந்திரகிரிக் கோட்டை தெரிந்தபோது மறுபடி திறந்தான். அவள் அவன் பக்கம் திரும்பி, “பயமா கீது மாமா. நீ கூட கீற, அதான் தைரியம்” என்றாள். அதற்கப்புறம் எந்த வாயால் சொல்வது?

பல் ஆஸ்பத்திரியிலும் வரிசைதான். டோக்கன் முப்பத்தேழு. பிள்ளைகள் பகுதிச் சுவரில் சிரிக்கிற பல் படங்களாக வரைந்து வைத்திருந்தார்கள். அதைப் பார்க்கப் பார்க்க ஞானசிங்குக்கு ஆத்திரமாக வந்தது.

டாக்டர் பேர் வைஜயந்தி. திருப்பதிக்காரப் பெண்மணி, பொழுதெல்லாம் அழுகிற பிள்ளைகளைப் பார்த்து வருகிறவளுக்கு இருக்கிற நிதானம் அவளிடம் இருந்தது. குழந்தையைப் பிளெஸ்ஸியின் மடியில் மல்லாக்கப் படுக்கவைத்து, தலையைத் தன் மடிக்கு வாங்கிக்கொண்டாள். நீலம் எப்போது முதலில் தெரிந்தது, அன்றைக்குப் பால் குடித்ததா, காய்ச்சல் எப்போது வந்தது என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். உறை போட்ட விரலால் கொப்புளத்தைப் பட்டும் படாமல் அழுத்திப் பார்த்தாள். பக்கவாட்டில் சின்ன டார்ச்சை வைத்தாள். கொப்புளம் விளக்குப் போட்டதுபோல உள்ளே சிவந்தது.

“நீங்க பயப்படற எதுவும் இல்லம்மா. இது பல்லு. மேல் பல் வெளிய வர்றதுக்கு முன்னால அதைச் சுத்தி ஒரு பை இருக்கும். அந்தப் பையில தண்ணி கோத்துண்டிருக்கு. கொஞ்சம் ரத்தம் கலந்ததால நீலமா தெரியறது. பல்லு முட்டிண்டு வரும்போது தானா உடைஞ்சிடும்.”

மருந்து என்ன என்று கேட்டாள் பிளெஸ்ஸி. மருந்து இல்லை என்றாள் டாக்டர். அறுத்து எடுத்துவிடக் கூடாதா என்றாள். சீழ் பிடித்தாலோ, ரொம்ப நாளாகியும் பல் வெளியே வரமுடியாமல் நின்றாலோ மேலே சின்னதாக ஒரு கீறல் போடுவோம், நூற்றில் ஒன்றிரண்டு பேருக்குத்தான் அது, என்றாள் டாக்டர்.

“இப்போ பண்ண வேண்டியது ஒண்ணே ஒண்ணுதான். ஒண்ணும் பண்ணாம இருக்கணும். குத்தக் கூடாது, நசுக்கக் கூடாது. காத்திருக்கணும்.”

எழுபது கிலோமீட்டர் பஸ்ஸில் வந்தவளுக்கு இது சமாதானமாகவே இல்லை. “அப்ப ஏம்மா பால் குடிக்க மாட்டேங்குது?” என்றாள்.

டாக்டர் விளக்கைத் திருப்பினாள். “அதுக்குக் காரணம் கொப்புளம் இல்ல. பக்கத்துல பாருங்க, வெள்ளையாத் தோல் வெந்து உரிஞ்சிருக்கு. அதுதான் வலி. என்ன தடவினீங்க?”

“ஒண்ணும் தடவலம்மா.”

கிராம்பு எண்ணெய், பிராந்தி, கற்பூரம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள் டாக்டர். திட்ட மாட்டேன், என்னவென்று தெரிந்தால்தான் வைத்தியம் பார்க்க முடியும் என்றாள். கேட்டதெல்லாம் பிளெஸ்ஸியிடம்தான். தகப்பன் ஒருத்தன் பக்கத்தில் நிற்பதை அவள் கவனித்த மாதிரியே தெரியவில்லை. எல்லா அம்மாக்களும் முதலில் ஒன்றும் தடவவில்லை என்றுதான் சொல்கிறார்கள் என்று அலுத்துக்கொண்டாள்.

“ஆண்டவர் சத்தியமா நான் ஒண்ணும் தடவல” என்றாள் பிளெஸ்ஸி. சத்தியம் பண்ணக் கூடாது என்று சண்டே ஸ்கூல் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறவள் அவள். சொல்லிவிட்டு அழுதாள். அழுதுகொண்டே யோசித்தாள். “முந்தாநேத்து ரசத்துல வெரல தொட்டு நாக்குல வெச்சேன். அதுவா இருக்குமா? நான்தான் பண்ணிட்டேனாம்மா?”

ஞானசிங் சுவரில் இருந்த பல்லைப் பார்த்தான். சொல்லு, சொல்லு என்று உள்ளே ஒன்று அடித்துக்கொண்டதே தவிர வார்த்தை வரவில்லை. அவனைக் கோழை என்றுதான் சொல்ல வேண்டும். அவனே அப்படித்தான் சொல்லிக்கொண்டான்.

டாக்டர் புண்ணைச் சுத்தமான தண்ணீரால் கழுவிவிட்டு, பஞ்சில் மருந்து எடுத்தாள். கூட நின்ற நர்ஸ் வேறு பிள்ளையிடம் போயிருந்தாள். “அப்பா, நீங்க இப்படி வாங்க. விரலால அந்த உதட்டைக் கொஞ்சம் தூக்கிப் பிடிச்சுக்கோங்கோ” என்றாள்.

அவன் குனிந்து கையை நீட்டினான். அதுவரை டாக்டரின் விரலுக்கு அழுதுகொண்டாவது வாயைக் கொடுத்திருந்த குழந்தை, அந்த விரல் கிட்டே வந்ததும் அழுகையை நிறுத்தியது. விரலைப் பார்த்தது. உதட்டை உள்ளுக்கு இழுத்து இறுக்க மூடிக்கொண்டது. உடம்பே விறைத்துவிட்டது. அவன் கையை எடுத்ததும் வாய் திறந்து வீரிட்டது. மறுபடி நீட்டினான். மறுபடி மூடிக்கொண்டது. பிளெஸ்ஸி தன் விரலைக் கொண்டுபோனாள், திறந்தது.

பிளெஸ்ஸி அந்த விரலைப் பார்த்தாள். அப்புறம் அவனைப் பார்த்தாள்.

“மாமா. இன்னா வெச்ச?”

“சுண்ணாம்பு.”

எல்லாவற்றையும் சொன்னான். மாங்காய்த் துண்டு, சொனை, வேர்க்குரு என்று சொன்ன பொய், பேக்கிங் ஷெட், கிருஷ்ணப்பாவின் டப்பி, ஒன்று விடாமல் சொன்னான். டாக்டர் கையில் பஞ்சோடு கேட்டுக்கொண்டிருந்தாள். கண்ணில் படவில்லையே, விழுங்கவில்லையே என்று மட்டும் கேட்டாள். தொண்டைவரை மறுபடி டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, மேலோடு போய்விட்டது, பத்து நாளில் ஆறிவிடும் என்றாள். கடைசியாக அவன் அதைக் கேட்டான்.

“அப்ப அந்த நீலம், மாங்காயால வந்தது இல்லீங்களா?”

“மாங்காயால பல்லு முளைக்குமாப்பா?” என்றாள் டாக்டர். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. “நீங்க அந்தத் துண்டைக் கொடுக்காம இருந்திருந்தாலும் அது வந்துதான் இருக்கும்.”

வெளியே வந்து வராந்தாவில் பிளெஸ்ஸி உட்கார்ந்தாள். அவள் கத்துவாள், சபையைக் கூட்டுவாள் என்று அவன் எதிர்பார்த்தான். அவள் குழந்தைக்குக் கரண்டியால் பால் விட்டு முடித்து, கிண்ணத்தை அலம்பி, பைக்குள் வைத்தபிறகுதான் வாயைத் திறந்தாள்.

“மாங்கா குடுத்தேன்னு அன்னிக்கே சொல்லியிருந்தா நான் இன்னா பண்ணியிருப்பேன் மாமா? ரெண்டு திட்டு திட்டிட்டு வாய கழுவி வுட்டிருப்பேன். அவ்ளோதான. இதுக்கா கொழந்த வாய சுட்ட?”

அவன் பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டான்.

அவர்கள் திரும்பிய அன்று சாயந்தரம் டிராக்டர் எடைமேடைக்குப் பக்கத்தில் வந்திருந்தது. கிருஷ்ணப்பா ரெண்டு வண்டியையும் மாற்றி மாற்றி ஓட்டி நகர்த்தியிருந்தார். மறுநாள் லோடு இறங்கியது. அடியிலிருந்த காய் கனிந்து ஒழுகிக்கொண்டிருந்தது.

வீட்டில் அதற்கப்புறம் வந்த நாட்கள்தான் பெரிய கஷ்டம். கரண்டிப் பால், சிரப், கழுவுவது, எல்லாம் பிளெஸ்ஸி பார்த்துக்கொண்டாள். அவன் தண்ணீர் கொண்டுவந்தான், விறகு உடைத்தான், துணி துவைத்தான். குழந்தை அழும்போது எழுந்து எழுந்து வருவான். வந்து என்ன செய்வது? வாசற்படி வரைக்கும் வந்து நின்றுவிட்டுத் திரும்பிப் போவான். கொப்புளம் நாளுக்கு நாள் பெரிதானது. இன்னும் கறுத்தது. பக்கத்து வீட்டுக்காரர்கள் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள், ஒருத்தி ஊசியைச் சுட்டுக் குத்து என்றாள். பிளெஸ்ஸி ஒருவரையும் கிட்டே விடவில்லை.

ஒன்பதாம் நாள் காலையில் அவள் ஜாக்கெட் தோளில் ஒரு பொட்டு ரத்தம் இருந்தது. அலறி அடித்துக்கொண்டு உதட்டைத் தூக்கிப் பார்த்தாள். கொப்புளத்தைக் காணோம். தளர்ந்த ஈறுக்கு நடுவில் வெள்ளையாக ஒரு விளிம்பு, நொய்யரிசி அகலம். வெந்த இடமும் ஆறி இளஞ்சிவப்பாகியிருந்தது. அன்றைக்குக் குழந்தை மார்பில் வாய் வைத்து, ஒன்பது நாள் பாக்கியையும் சேர்த்துக் குடித்தது. பிளெஸ்ஸி வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து சபையே வந்து பல் பார்த்தது. கிருஷ்ணப்பாகூட பங்காருபாளையத்திலிருந்து ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்தார். வெற்றிலைக் கறை ஏறிய அவர் விரலை மணி நறுக்கென்று கடித்தது. அவர் “அம்மம்மா” என்று கையை உதறினார். குழந்தை விக்கல் எடுக்கச் சிரித்தது.

எல்லோரும் போனபிறகு ஞானசிங் குழாயடிக்குப் போனான். ரெண்டு தரம் சோப்புப் போட்டுக் கை கழுவினான், முகர்ந்து பார்த்தான், மறுபடி கழுவினான். உள்ளே வந்து குழந்தைக்கு எதிரே தரையில் உட்கார்ந்து, விரலை நீட்டினான்.

மணி அவனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது. விரலைக் கண்டதும் சிரிப்பு நின்றது. உதட்டை உள்ளுக்கு இழுத்து இறுக்க மூடிக்கொண்டது.

“வுடு மாமா” என்றாள் பிளெஸ்ஸி. அவள் குரலில் கோபம் இல்லை. “அதுக்கா தோணும்போது தெறக்கும். நீ சும்மா ஒக்காரு.”

அவன் கையை மடக்கி மடியில் வைத்துக்கொண்டான். டாக்டரம்மா சொன்னதைத்தான் செய்தான். ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருந்தான்.